மின்சாரத்துக்கு நாதம் உண்டா?

ஜப்பானில் இசை கேட்பதை ஒரு நோன்பு போலக் கடைப்பிடிக்கும் சிலர், தம் வீட்டுக்கென்றே தனியாக ஒரு மின்கம்பம் நட்டுக்கொள்கிறார்கள். தெருவில் செல்லும் 6,600 வோல்ட் கம்பியிலிருந்து ஒரு கிளை பிரிந்து அந்தக் கம்பத்துக்கு வரும். உச்சியில் அவ்வீட்டுக்கு மட்டும் உரிய ஒரு மின்மாற்றி. அதிலிருந்து இறங்கும் 100 வோல்ட் மின்சாரம் வேறு எவர் வீட்டையும் தொடாமல் இவருடைய ஆம்பிளிபயருக்கு வந்து சேரும். பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் எந்திரமும் குளிர்பதனப் பெட்டியும் ‘அழுக்காக்கிய’ மின்சாரம் தமக்கு வேண்டாம் என்பதே நோக்கம். 2016-ஆம் ஆண்டில் இச்செய்தி அமெரிக்க நாளேடு ஒன்றில் வெளிவந்து பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. செலவு நம் பணத்தில் பல லட்சம் ரூபாய்.

இதே நம்பிக்கை நம் ஊர்க் கடைகளிலும் சிறிய உருவில் விற்பனையாகிறது. சுவர்ப் பிளக்கையும் ஆம்பிளிபயரையும் இணைக்கும் ஒன்றரை மீட்டர் கம்பிக்கு ஆயிரக்கணக்கில் விலை. மின்சாரத்தை ‘வடிகட்டித் தரும்’ பெட்டிக்கு அதைவிடப் பன்மடங்கு விலை. விளம்பரங்கள் அனைத்தும் ஒரே வாதத்தைத்தான் கூறுகின்றன: ‘ஆம்பிளிபயர் என்பது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தையே இசையாக வடித்துத் தரும் கருவி. நீங்கள் கேட்பது மின்சாரத்தைத்தான். மூலப்பொருள் தூய்மையானால் பண்டமும் தூய்மையாகும்.’

கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் மறுப்பது எளிது. இதில் கொஞ்சம் மெய்யும் கலந்திருக்கிறது; அந்தக் கொஞ்சத்தைக் காட்டித்தான் மீதியை விற்கிறார்கள். எனவே மெய் எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்க வேண்டியது நம் வேலையாகிறது.

மின்சாரம் இசையைக் கெடுத்த இடம்

மின்சாரத்தின் தன்மை இசையை நேராகவே மாற்றிய இடம் ஒன்று உண்டு. அதற்கும் ஜப்பானே நல்ல சான்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ நகரம் தன் மின்னாக்கிகளை ஜெர்மனியிலிருந்து வாங்கிற்று. ஒசாகா அமெரிக்காவிலிருந்து வாங்கிற்று. அதன் விளைவாக இன்றளவும் அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று, மேற்குப் பகுதியில் 60 சுற்று. அக்காலத்து ரெக்கார்டு பிளேயர்கள் பலவற்றில் ஒத்தியங்கு மோட்டார் இருந்தது. இந்த மோட்டாரின் வேகத்தை நிர்ணயிப்பது மின்னழுத்தம் அன்று, மின்சாரத்தின் அதிர்வெண். டோக்கியோவில் வாங்கிய பிளேயரை ஒசாகாவுக்குக் கொண்டுபோய் அப்படியே பிளக்கில் சொருகினால், நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல வேண்டிய தட்டு 40 முறை சுழலும். ஸட்ஜமாக ஒலிக்க வேண்டிய சுரம் சாதாரண காந்தாரத்துக்கும் சற்று மேலே போய் நிற்கும். இதற்காகவே மோட்டார் அச்சில் 50-க்கு ஓர் அளவிலும் 60-க்கு வேறோர் அளவிலும் கப்பிகள் வைத்தார்கள்.

நமக்கும் இதில் அனுபவம் உண்டு. 1990-களில் தென்மண்டல மின்தொகுப்பில் தேவை மிகுந்து உற்பத்தி குறைந்திருந்த நாட்களில், அதிர்வெண் 50-இல் நிற்காமல் 49-க்குக் கீழே இறங்கி, சில வேளைகளில் 48-ஐ ஒட்டியும் இருந்தது. 48 ஹெர்ட்ஸில் அதே ஒத்தியங்கு மோட்டார் தட்டை 32 முறைதான் சுழற்றும். 20 நிமிடம் ஓட வேண்டிய பக்கம் 20 நிமிடம் 50 வினாடி ஓடும். நேரத்தைப் பற்றி யாரும் கவலைப்படப்போவதில்லை. ஆனால் சுருதி, ஓர் அரைச்சுரத்தில் 10-இல் 7 பங்கு தாழ்ந்துவிடும். தம்பூராவை மீட்டிக்கொண்டு இசைத்தட்டோடு சேர்ந்து பாடிப் பழகும் மாணவிக்கு இது சிறிய தவறன்று. தம்பூராவைத் தட்டுக்கு ஏற்ப இறக்கிக்கொண்டாலும், இரவு பத்து மணிக்குத் தேவை குறைந்து அதிர்வெண் ஏறும்போது தட்டும் கூடவே ஏறிக்கொள்ளும்.

இந்நிலை மாறியது வேறு காரணங்களால். 2003 ஜனவரியில் தென்மண்டலத்தில் அதிர்வெண்ணோடு இணைந்த புதிய மின்கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. அதிர்வெண் தாழும்போது கூடுதலாக இழுப்பவர் அதிக விலை தர வேண்டும் என்றானதும் ஒழுங்கு பிறந்தது. 2013 டிசம்பர் இறுதியில் தென்மண்டலம் நாட்டின் ஏனைய மின்தொகுப்போடு இணைக்கப்பட்டது. 2014 முதல் விதிக்கப்பட்ட வரம்பு 49.90 முதல் 50.05 வரை.

மின்னிசைக் கருவிகளிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கடிகாரங்கள் செய்துவந்த லாரன்ஸ் ஹம்மண்ட் என்னும் அமெரிக்கர் 1935-இல் வெளியிட்ட ஆர்கனில், பல் வெட்டிய உலோகச் சக்கரங்கள் காந்தச் சுருள்களின் முன் சுழன்று சுரங்களைப் பிறப்பிக்கும். அச்சக்கரங்களைச் சுழற்றுவதும் ஒத்தியங்கு மோட்டாரே. மின்னாலையின் வேகம் தளர்ந்தால் ஆர்கனின் சுருதி முழுவதும் தளரும். ‘நீங்கள் கேட்பது மின்சாரத்தைத்தான்’ என்ற சொல் ஏதேனும் ஒரு கருவிக்கு முழுமையாகப் பொருந்துமானால் அது இந்த ஆர்கனுக்குத்தான் பொருந்தும்.

இனி, ரெக்கார்டு பிளேயர் செய்தவர்கள் இந்தக் குறையை எப்படித் தீர்த்தார்கள் என்று பாருங்கள். வாடிக்கையாளரிடம் தனிக் கம்பம் நடச் சொல்லவில்லை. 1975-இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.பி.-10 இரண்டாம் பதிப்பில் குவார்ட்ஸ் படிகம் ஒன்றை வைத்து, அதன் மாறாத அதிர்வைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். சுவரிலிருந்து வரும் அதிர்வெண் எதுவாயினும் தட்டுக்குக் கவலையில்லை. நோய் வெளியிலிருந்து வந்தாலும் மருந்து கருவிக்குள்ளேயே வைக்கப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொண்டு ஆம்பிளிபயருக்கு வருவோம்.

ஆம்பிளிபயருக்குள் நடப்பது

விற்பவர் கூறுவதில் முதற்பகுதி சரி. வீட்டுக்கு வரும் மின்னழுத்தத்தை அலைகாட்டியில் பார்த்தால் பாடநூலில் வரைந்த வளைவு போல இருக்காது. உச்சி சற்றுத் தட்டையாக இருக்கும். தொலைக்காட்சி, கணினி, எல்.இ.டி. விளக்கு போன்றவை அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தை வெடுக்கென்று இழுப்பதால் வரும் கோளாறு இது. அடிப்படை அலையோடு கலந்துள்ள இத்தகைய உருத்திரிபு 8 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஐரோப்பியத் தரவிதியே இடம் தருகிறது.

ஆனால் அடுத்த அடியில் வாதம் வழுக்குகிறது. இந்த அலை ஆம்பிளிபயரின் டிரான்சிஸ்டர்களுக்கு நேரே போவதில்லை. முதலில் மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்கும். பிறகு நான்கு டயோடுகள் அலையின் கீழ்ப்பாதியையும் மேலே மடித்து ஒரே திசையில் ஆக்கும். அதன் பிறகு பெரிய மின்தேக்கிகளில் மின்னேற்றம் சேமிக்கப்படும். நம் வீட்டு மேல்நிலைத் தொட்டி போன்றதே இந்த மின்தேக்கி. மோட்டார் தண்ணீரை விட்டு விட்டு இறைத்தாலும் குழாயில் ஒரே சீராக விழும். தொட்டியின் மட்டம் மட்டும் சற்று ஏறி இறங்கும்.

அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு? மாணவர்கள் தாமே கணக்கிடலாம். ஆம்பிளிபயர் 2 ஆம்பியர் இழுக்கிறது. மின்தேக்கி 10,000 மைக்ரோபாரட். அது நிரப்பப்படுவது வினாடிக்கு 100 முறை, அதாவது 0.01 வினாடிக்கு ஒரு முறை. மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி மின்தேக்குத் திறனால் வகுத்தால் 2 வோல்ட் வருகிறது. 40 வோல்ட் நேர்மின்னழுத்தத்தின் தலையில் 2 வோல்ட் அளவுக்கு 100 ஹெர்ட்ஸ் அலை குதித்துக்கொண்டிருக்கிறது!

இந்த 2 வோல்ட் எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டிலிருந்து வரவில்லை. கம்பத்திலிருந்தும் வரவில்லை. பாடநூலில் உள்ளது போன்ற, அப்பழுக்கற்ற அலையைக் கொடுத்தாலும் இந்த 2 வோல்ட் வந்தே தீரும். ஆம்பிளிபயர் தன் சொந்த அடுக்களையில் உண்டாக்கிக்கொள்ளும் கரி இது. வெளியிலிருந்து வரும் மாசு இதன் முன் மிகச் சிறியது. மேலும், அலையின் உச்சியில் வெடுக்கென்று இழுத்து அதைத் தட்டையாக்கும் குற்றத்தை இந்த ஆம்பிளிபயரும் செய்கிறது. அண்டை வீட்டைக் குறை சொல்பவர் தம் வீட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆகவே வடிவமைப்பாளர் முன் இருக்கும் கேள்வி ஒன்றே. வழங்கு மின்னழுத்தம் ஆடினாலும் வெளிவரும் ஒலி ஆடாமல் இருக்க வேண்டும். இதற்கான வழிகள் நெடுங்காலமாகத் தெரிந்தவை. சிறு சமிக்ஞைப் பகுதிகளுக்கு அழுத்தச் சீராக்கிச் சில்லுகள் உள்ளன. 5532 எனும் புகழ்பெற்ற ஒலிப்பெருக்கச் சில்லு, வழங்கு மின்னழுத்தம் 1 வோல்ட் மாறினால் தன் உள்ளீட்டில் ஏறத்தாழ 10 மைக்ரோவோல்ட் அளவுக்கே அதை உணரும். அதாவது லட்சத்தில் ஒரு பங்கு. திறன்மிகு வெளியீட்டுப் பகுதியில் எதிர்ப் பின்னூட்டம் இவ்வேலையைச் செய்கிறது.

நன்கு அமைந்த ஓர் ஆம்பிளிபயர் இந்த ஆட்டத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைப்பதாகக் கொள்வோம். 2 வோல்ட் 0.2 மில்லிவோல்ட் ஆகிறது. ஒலிபெருக்கி 2.83 வோல்ட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 87 டெசிபெல் ஒலி தருவது என்றால், 0.2 மில்லிவோல்ட்டுக்கு அது தருவது 4 டெசிபெல். ஆனால் 100 ஹெர்ட்ஸ் ஒலி மனிதச் செவிக்கு எட்ட ஏறத்தாழ 27 டெசிபெல் வேண்டும். அதுவும் ஓசையற்ற அறையில். தலைக்கு மேல் மின்விசிறி ஓடும் நம் அறைகளில் அன்று. மேலும் அந்த 2 ஆம்பியர் பாட்டு உச்சத்தில் முழங்கும்போது மட்டுமே வருவது. மெல்லிய ஆலாபனையின்போது இழுப்பும் குறைவு, ஆட்டமும் குறைவு.

தன் அடுக்களைக் கரியான இந்த 2 வோல்ட்டை அடக்கத் தெரியாத ஆம்பிளிபயரை எவ்வளவு தூய மின்சாரமும் காப்பாற்றாது. அதை அடக்கத் தெரிந்த ஆம்பிளிபயருக்கு வெளியிலிருந்து வரும் சிறு மாசு ஒரு பொருட்டன்று. விற்பனைப் பெட்டிகளில் மிக விலையுயர்ந்தவை, வந்த மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி அதிலிருந்து புதிய அலையை உருவாக்கித் தருகின்றன. அதாவது அப்பெட்டிக்குள் இருப்பதும் ஒரு மின்திருத்தி, ஒரு மின்தேக்கி, ஓர் ஆம்பிளிபயர்! அந்த ஆம்பிளிபயரால் மாசை நீக்க முடியும், உங்கள் ஆம்பிளிபயரால் முடியாது என்பது விந்தையான வாதம்.

மின்னழுத்தக் குறைவைப் பற்றியும் இங்கேயே பார்த்துவிடலாம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200 வந்தால் ஆம்பிளிபயர் தரக்கூடிய உச்சத் திறன் 24 சதவீதம் குறையும். பெரிய எண்ணாகத் தோன்றுகிறது. செவிக்கு அது 1.2 டெசிபெல்தான், அதுவும் கருவியை அதன் எல்லைவரை முடுக்கினால் மட்டும். வழக்கமான ஓசையில் கேட்டால் அந்தக் குறைவும் இல்லை. எத்தனை மடங்கு பெருக்குவது என்பதைப் பின்னூட்ட மின்தடைகள் தீர்மானிக்கின்றன. சுவர்ப் பிளக் தீர்மானிப்பதில்லை. மிகையழுத்தமும் இடி மின்னல் எழுச்சியும் வேறு வகை. அவை கருவியின் ஆயுளைப் பற்றியவை. அவற்றுக்குத் தக்க பாதுகாப்பு வேண்டியதே.

கம்பியும் காதும்

கம்பி விற்பவர்கள் ‘தூய்மை’ என்ற சொல்லை எடுத்தாளும் முறை எனக்கு ஒப்பவில்லை. குழாயில் வரும் குடிநீர் போல மின்சாரமும் எங்கிருந்தோ பயணம் செய்து வந்து நம் கருவிக்குள் பாய்கிறது என்ற படத்தை அது மனத்தில் பதிக்கிறது. நீர்மின்சாரத்துக்கு ஒரு நாதம், அனல் மின்சாரத்துக்கு ஒரு நாதம் என்று எழுதுவோரும் இந்தப் படத்திலிருந்து பிறந்தவர்களே. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் மாறுதிசை மின்னோட்டம் செல்லும்போது எலெக்ட்ரான்கள் தம் இடத்திலேயே முன்னும் பின்னும் ஊசலாடுகின்றன. அந்த ஊசலின் வீச்சு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேட்டூர் எலெக்ட்ரான் எதுவும் மயிலாப்பூருக்கு வருவதில்லை.

கம்பியின் மின்தடையையும் கணக்கிடுவோம். சாதாரண ஒன்றரை மீட்டர் கம்பியில் போக்கும் வரவுமாக 3 மீட்டர் செம்பு, மின்தடை 0.034 ஓம். 1 ஆம்பியருக்கு இழப்பு 34 மில்லிவோல்ட். 230 வோல்ட்டில் இது என்ன? அந்த வீட்டின் சுவருக்குள் 20 மீட்டர் ஓடும் அதே பருமனுள்ள கம்பியின் தடை 0.46 ஓம், அது அப்படியேதான் இருக்கிறது. அதற்கப்பால் தெருவெங்கும் அலுமினியம். கடைசி ஒன்றரை மீட்டரை மட்டும் பெருஞ்செலவில் மாற்றுவதால் மின்சாரத்தில் என்ன மாறும் என்பதற்கு விலைப்பட்டியலில் விடையில்லை. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பிளக் பாயிண்ட் தளர்ந்து பின் ஆடினால் பொறி பறந்து ‘கரகர’ ஒலி கேட்கும். அதற்கு மருந்து ஒரு நல்ல சாக்கெட்.

‘கணக்கு எதற்கு, காதால் கேட்டேன்’ என்பார்கள். நியாயம், இசைக்கு இறுதி நீதிபதி காதுதான். ஆனால் எந்தக் கம்பி மாட்டப்பட்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாதபோதும் அந்த நீதிபதி அதே தீர்ப்பைச் சொல்ல வேண்டும். 2004-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஹை-ஃபை பிரியர்களே கூடி இப்படி ஒரு சோதனை நடத்தினார்கள். சாதாரண மின்கம்பி ஒருபுறம், பெருவிலைக் கம்பி மறுபுறம். எது மாட்டியிருக்கிறது என்பதைக் கேட்பவர் அறியமாட்டார். 149 விடைகளில் 73 சரியாக இருந்தன. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய இதே எண் வந்திருக்கும்.

‘நள்ளிரவில் கேட்டுப் பாருங்கள், ஆலைகள் ஓய்ந்து மின்சாரம் தூய்மையாகி இசை மலர்கிறது’ என்பது இன்னொரு சான்று. நள்ளிரவில் இசை மேலும் நன்றாக இருக்கிறது என்பதை நானும் ஒப்புகிறேன். அந்நேரத்தில் பேருந்து இல்லை, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி இல்லை, தெருவில் கூவி விற்பவர் இல்லை. பின்னணி இரைச்சல் தாழ்ந்தால் மெல்லிய ஒலிகள் மேலெழும். இவ்வளவு எளிய காரணம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது, மின்கம்பிக்குள் நுழைந்து தேடுவானேன்?

உண்மையான முனகல்

இவ்வளவு சொன்னபின் வாசகர் கேட்கலாம்: ‘என் வீட்டில் ஒலிபெருக்கி முனகுகிறதே, அது கற்பனையா?’ கற்பனை அன்று. அதன் காரணம் பெரும்பாலும் மின்சாரத்தின் தரத்தில் இல்லை. எர்த் இணைப்பு செல்லும் பாதையில் இருக்கிறது.

கணினி ஒரு பிளக்கில், ஆம்பிளிபயர் வேறு பிளக்கில் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சுவர் வழியே எர்த்தில் இணைந்துள்ளன. ஒலியைக் கொண்டுசெல்லும் கம்பியின் வெளியுறையும் இவ்விரண்டையும் இணைக்கிறது. இப்போது ஒரு முழுவளையம் உருவாகிவிட்டது. இரு எர்த் முனைகளுக்கும் இடையே உள்ள சிறு அழுத்த வேறுபாடும் சுற்றுப்புறக் காந்தப் புலமும் இவ்வளையத்தில் மின்னோட்டத்தை ஓட்டும். 10 மில்லி ஆம்பியர் ஓடி, உறையின் தடை 0.1 ஓம் என்றால் 1 மில்லிவோல்ட் முனகல், சமிக்ஞையோடு நேரே கூடிவிடும். பாட்டும் முனகலும் ஒரே வாசல் வழியாக வருவதால் ஆம்பிளிபயரால் இரண்டையும் பிரித்தறிய இயலாது. இரண்டையும் விசுவாசமாகப் பெருக்கும். கேபிள் டி.வி.யின் உறைக் கம்பி தெருவில் வேறோர் இடத்தில் எர்த் செய்யப்பட்டிருந்தால் வளையம் இன்னும் பெரிதாகும்.

ரெக்கார்டு பிளேயரில் இது மேலும் கூர்மையாகும். அதன் முள்முனை தரும் சமிக்ஞை 5 மில்லிவோல்ட் அளவே. தவிர, இசைத்தட்டு வெட்டும்போது குறைக்கப்பட்ட தாழ்சுரங்களை ஈடுசெய்ய, ஆம்பிளிபயர் 1,000 ஹெர்ட்ஸைவிட 50 ஹெர்ட்ஸை 7 மடங்கு கூடுதலாகப் பெருக்குகிறது. முனகலுக்கு ராஜபோகம்!

இந்த இடத்தில்தான் உயிராபத்தான ஒரு ‘வைத்தியம்’ புழங்குகிறது. மூன்று பின் பிளக்கின் மேலே உள்ள தடித்த எர்த் பின்னைக் கழற்றிவிடு, முனகல் நின்றுவிடும் என்பார்கள். நிற்கும், வளையம் அறுபடுவதால் நின்றுதான் ஆக வேண்டும். உடன் விளைவு கண்டதும், சொன்னவர் நிபுணராகிவிடுகிறார். ஆனால் என்றாவது மின்மாற்றியின் காப்பு பழுதுபட்டால் கருவியின் உலோகக் கூடு முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். பியூஸ் போகாது, கூட்டைத் தொடுபவர்தான் பாதையாவார். 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், மேடையில் கிதாருடன் நின்ற லெஸ்லி ஹார்வி என்ற இசைக்கலைஞர், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். 1976-இல் ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் தம் வீட்டிலேயே, எர்த் சரியில்லாத மின்கிதாரால் மாண்டார். பெருவிலைக் கம்பி பணத்தோடு போகிறது; இந்த இலவச வைத்தியம் உயிரைக் கேட்கிறது. ‘மின்சாரத் தூய்மை’ பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கினால் நலமாக இருக்கும்.

வளையத்தை அறுக்கப் பாதுகாப்பான வழிகள் உள்ளன. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பலகையில் சொருகுவது முதல் வழி. ஒலிக்கம்பியின் நடுவே சிறிய தனிப்படுத்தும் மின்மாற்றி வைப்பது இன்னொன்று. கருவிகளில் ஒளியிழை இணைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துவது எல்லாவற்றிலும் சிறந்தது. ஒளிக்கு எர்த் இல்லை.

மின்சாரத்தின் தரம் உண்மையில் காதில் விழும் வேறு சில நிகழ்ச்சிகளும் நம் வீடுகளில் உண்டு. மின்வெட்டு நேரத்தில் சதுர அலை தரும் மலிவு இன்வெர்ட்டரில் ஆம்பிளிபயரை ஓட்டினால் வேறுபாடு தெரியும். 230 வோல்ட் சைன் அலையின் உச்சி 325 வோல்ட். 230 வோல்ட் சதுர அலையின் உச்சி 230 மட்டுமே. மின்தேக்கிகள் உச்சி வரைதான் நிரம்பும் என்பதால் ஆம்பிளிபயரின் உச்சத் திறன் பாதியாகிவிடும். அலையின் செங்குத்தான ஓரங்கள் மின்மாற்றியின் சுருள்களுக்கிடையே தாவி ‘ஙொய்’ என்ற இரைச்சலையும் தரும். மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரும் தரம் குறைந்த எல்.இ.டி. விளக்கும் வானொலியில் இரைவது பலர் அறிந்ததே. சில கருவிகளில் வளைய வடிவ மின்மாற்றி, ஒலிபெருக்கிக்குத் தொடர்பே இல்லாமல், தானே உறுமும். அலையின் இரு பாதிகளில் ஒன்றை மட்டும் இழுக்கும் ஏதோ ஒரு சாதனம் அதே இணைப்பில் இருப்பதால் உண்டாகும் கோளாறு அது. இவற்றுக்கெல்லாம் தனித்தனிக் காரணமும், பெரும்பாலும் சில நூறு ரூபாயில் முடியும் மருந்தும் உண்டு.

பணம் செலவிடுவதற்கு முன் வாசகர்கள் செய்து பார்க்க ஒரு சோதனை. ஆம்பிளிபயரின் ஓசையைச் சுழிக்குக் குறைத்து, ஒலிபெருக்கியின் அருகே காதை வையுங்கள். முனகல் இல்லையெனில் மின்வழங்கு பகுதி நலமாக இருக்கிறது. ஓசையைக் கூட்டும்போது முனகலும் கூடினால் அது உள்ளீட்டுக் கம்பி வழியே வருகிறது. கூட்டினாலும் குறைத்தாலும் மாறாமல் நின்றால் ஆம்பிளிபயரின் உள்ளேயே பிறக்கிறது. பழைய கருவியானால் மின்தேக்கிகள் வற்றியிருக்கலாம். அடுத்து, கருவிகளின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு உள்ளீட்டுக் கம்பிகளில் ஒன்றை மட்டும் கழற்றி, மீண்டும் போட்டுக் கேளுங்கள். இப்படி ஒவ்வொன்றாகச் செய்து, எதைக் கழற்றும்போது முனகல் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எர்த் பின்னைத் தொட வேண்டாம். கம்பிகள் எல்லாம் தேறிவிட்டன என்றால் கடைசியாகத் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னாலிருக்கும் கேபிள் கம்பியைக் கழற்றிப் பாருங்கள்.